சும்மா இருப்பவர்களின் கணக்கு

1

லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பாலினச் சமத்துவ நிறுவனம் இருக்கிறது. 2013 முதல் அது ஒரு குறியீட்டெண்ணை வெளியிட்டு வருகிறது. ஒன்றியத்தின் ஒவ்வொரு நாட்டுக்கும் 1 முதல் 100 வரை ஒரு மதிப்பெண். 1 என்றால் முழு ஏற்றத்தாழ்வு, 100 என்றால் முழுச் சமத்துவம். 2024 அறிக்கையின்படி ஒன்றியத்தின் சராசரி 71. ஸ்வீடன் 82 எடுத்து முதலிடம், ருமேனியா 57.5 எடுத்துக் கடைசி. பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடன் எந்த மாவட்டம் ஃபர்ஸ்ட் என்று பார்ப்பது மாதிரி, அங்கேயும் பத்திரிகைகள் முதலிலும் கடைசியிலும் வந்த பெயர்களைத்தான் தலைப்பாகப் போடுகின்றன.

வேலை, பணம், அறிவு, நேரம், அதிகாரம், உடல்நலம் என்று ஆறு களங்கள். 2024 அறிக்கையில் அவற்றுக்குள் 31 அளவைகள் இருந்தன. எல்லாக் களங்களுக்கும் ஒரே எடை கிடையாது. அந்த அறிக்கையில் அறிவுக்கு 22 சதவீதம், வேலைக்கும் அதிகாரத்துக்கும் தலா 19, பணத்துக்கும் நேரத்துக்கும் தலா 15, உடல்நலத்துக்கு 10. வல்லுநர்களைக் கேட்டு இந்த எடைகளை நிர்ணயித்திருக்கிறார்கள். களங்களின் மதிப்பெண்களைக் கூட்டி வகுப்பதில்லை, பெருக்கல் சராசரி எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஒரு களத்தில் அள்ளிய மதிப்பெண் இன்னொரு களத்தில் விழுந்த அடியை முழுசாக மறைக்க முடியாது. இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஆணும் பெண்ணும் சமமாக மோசமான நிலையில் இருந்தால் அந்த நாட்டுக்கு முழு மதிப்பெண் கிடைக்காது. இருவரும் சமமாகப் பட்டினி கிடப்பதைச் சமத்துவம் என்று இந்தக் குறியீடு கொண்டாடுவதில்லை.

பகலெல்லாம் டேஷ்போர்டு கட்டிப் பிழைப்பவள் நான். இந்த வேலையின் நேர்த்தி எனக்குப் பிடித்திருக்கிறது. எடையைச் சொல்கிறார்கள், சூத்திரத்தைச் சொல்கிறார்கள், நீயே போட்டுப் பார்த்துக்கொள் என்கிறார்கள். ஆனால் மதுரை வில்லாபுரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது வேறொரு கேள்வி வருகிறது. ஆண்களையெல்லாம் ஒரு தட்டிலும் பெண்களையெல்லாம் இன்னொரு தட்டிலும் வைத்துத் தராசு நேராக நின்றுவிட்டால் நியாயம் நடந்துவிட்டதாக அர்த்தமா? அது நேராக நிற்பதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தராசு சொல்லுமா?

2

நம்ம ஊரிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு மனிதருக்கும் அவர் செய்யும் வேலைக்கேற்ப ஒரு எண் உண்டு. மாதச் சம்பளக்காரர் என்றால் 31. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்றால் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, வீட்டுக்காகத் தைப்பது என்று இருப்பவர் 93. இந்த 92-உம் 93-உம் உழைப்பாளர் கணக்கில் சேராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் முதன்மை வேலை வீட்டு வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 15.98 கோடி. அப்படிச் சொன்ன ஆண்கள் சுமார் 58 லட்சம். 2021-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த எண்களை எடுத்துச் சொன்னது. அதற்கும் முன்பு, 2010-இல், அதே நீதிமன்றம் இன்னொன்றைச் சுட்டிக்காட்டிக் கடிந்துகொண்டது. 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகள் போன்றோரோடு ஒரே வகையில் சேர்த்து, உற்பத்தியில் ஈடுபடாதவர்கள் என்று எழுதியிருந்தது.

ஃபாரத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. கணக்கெடுக்க வருபவர், 'என்னம்மா வேலை பாக்குறீங்க?' என்று கேட்டால் எங்கள் தெருவில் வரும் பதில் ஒன்றுதான்: "சும்மாத்தேன் இருக்கேன்." அப்பளம் போட்டுக் காயவைத்துக்கொண்டே சொல்வார்கள். பீஸ் ரேட்டுக்கு நைட்டி தைத்துக்கொண்டே, மிஷினை நிறுத்தாமல் சொல்வார்கள். 'சும்மா' என்ற சொல்லுக்குள் ஐந்து மணி நேர உழைப்பு ஒளிந்திருக்கிறது.

ஐந்து மணி நேரம் என்பது நான் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. 2019-இல் இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. இதற்கு முன்னோடியாக 1998-99-இல் ஆறு மாநிலங்களில் நடந்த சோதனையில் தமிழ்நாடும் இருந்தது. முந்தைய நாள் விடிகாலை 4 மணியிலிருந்து இன்று விடிகாலை 4 மணிவரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்பார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம்.

பரவாயில்லையே, மூன்றில் ஒரு பங்கு செய்கிறார்களே என்று தோன்றும். ஆனால் இது அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி மட்டுமே. பெண்களில் 81 சதவீதம் பேர் அன்று வீட்டு வேலை செய்திருந்தார்கள், ஆண்களில் 26 சதவீதம் பேர். மீதி 74 சதவீத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. அவர்களின் பூஜ்யத்தையும் சேர்த்து வகுத்தால் ஆணின் பங்கு சுமார் 25 நிமிடமாகச் சுருங்குகிறது. பெண்ணின் பங்கு சுமார் 243. மூன்றுக்கு ஒன்று என்று இருந்தது பத்துக்கு ஒன்று ஆகிவிடுகிறது. இரண்டு கணக்குமே பொய்யில்லை. எதைத் தலைப்பில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2024-இல் மறுபடி எடுத்தார்கள். வேலை செய்தவர்களின் சராசரி பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் நேரம் 10 நிமிடம் குறைந்தது, ஆண்களின் நேரமும் 9 நிமிடம் குறைந்தது. இடைவெளி 202-இலிருந்து 201 ஆனது. ஐந்து வருஷத்தில் ஒரு நிமிடம்.

டேட்டாபேஸில் 'நல்' என்று ஒன்று உண்டு. அதற்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வேலைக்குச் சேரும் புதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்போம். பூஜ்யம் என்றால் பார்த்தோம், ஒன்றுமில்லை. நல் என்றால் பார்க்கவே இல்லை. நம் பொருளாதாரம் வீட்டு வேலையைப் பார்க்கவில்லை, ஆனால் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது. நியூசிலாந்தின் மேரிலின் வேரிங் 1988-இல் எழுதிய புத்தகத்தில் ஐநாவின் தேசியக் கணக்கு முறையை எதிர்த்துக் கேட்டதும் இதைத்தான். அந்த முறையின் 1993 திருத்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வருவது உற்பத்தி. அதே தண்ணீரை உலையில் வைத்துச் சோறாக்குவது உற்பத்தி இல்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிய நொடியில் பொருளாதாரம் முடிந்துவிடுகிறது.

3

கணக்கெடுப்பில் என் எண் 31. எந்தக் குறியீட்டிலும் நான் நல்ல செய்தி. பொறியியல் படித்த பெண், மாதச் சம்பளம், வருமான வரி. அறிவு, வேலை, பணம் என்று மூன்று களங்களில் என்னால் இந்தத் தராசு ஒரு மயிரிழையாவது நேராகிறது.

நான் மீட்டிங்கில் இருக்கும்போது என் மகனுக்குச் சோறூட்டுவது என் அம்மா. பள்ளி வேனில் ஏற்றிவிடுவது, காய்ச்சல் என்றால் டாக்டரிடம் வரிசையில் உட்கார்வது, சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிப்போவது எல்லாம் அம்மா. அவருக்கு 63 வயது. கணக்கெடுப்பில் அவர் 92. என் 31 அவருடைய 92-இன் தோளில் ஏறி நிற்கிறது.

இதில் ஆணிடமிருந்து பெண்ணுக்கு எதுவும் கைமாறவில்லை. ஒரு பெண்ணின் சுமை இன்னொரு பெண்ணிடம் போயிருக்கிறது. சராசரி என்பது எல்லாப் பெண்களையும் ஒரே பெண்ணாகப் பார்ப்பது. அந்த ஒரே பெண்ணுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது. இரண்டு பெண்களாகப் பிரித்துப் பார்த்தால்தான் யாருக்குக் கூடியது, யாருக்கு முழங்கால் வலி வந்தது என்று தெரியும். அம்மா கிடைக்காதவர்கள் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் ஆள் வைக்கிறார்கள். அந்த அக்கா தன் பிள்ளையைத் தன் அம்மாவிடமோ மூத்த மகளிடமோ விட்டுவிட்டு வருகிறார். சங்கிலி நீண்டுகொண்டே போகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் இதைப் பராமரிப்புச் சங்கிலி என்று விளக்கினார். அந்தச் சங்கிலி நாடு விட்டு நாடும் போகும். இத்தாலியில் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ள ருமேனியா, உக்ரைன், மால்டோவா நாடுகளிலிருந்து பெரும் எண்ணிக்கையில் பெண்கள் வந்தார்கள். வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் அவர்களுக்கு 'பதாந்தே' என்று அங்கே தனிப் பெயரே இருக்கிறது. இத்தாலியப் பெண் அலுவலகம் போக முடிவதில் இவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் குறியீட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வரி. 2024 அறிக்கையில் ருமேனியா கடைசி வரியில் நின்றது. தன் வீட்டை விட்டு வந்து இன்னொரு நாட்டின் வீடுகளைத் தாங்கும் பெண்களின் கணக்கு அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் எங்கோ விழுந்துவிடுகிறது.

4

அதிகாரக் களத்துக்கு வருவோம். அமைச்சர்களில், நாடாளுமன்றத்தில், பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் பெண்கள் எத்தனை சதவீதம் என்று வில்னியஸ் எண்ணுகிறது. நாற்காலியை எண்ணுவது சுலபம்.

இந்தியாவில் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தமிழ்நாட்டில் அதன்படி 1996-இல் தேர்தல் நடந்தது. அதில் வில்லாபுரம் வார்டிலிருந்து மதுரை மாநகராட்சிக்குப் போனவர் லீலாவதி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், மாதர் சங்கத்திலும் இருந்தவர். வில்லாபுரத்தின் அன்றைய பெரிய பிரச்சினை குடிதண்ணீர். குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வரவேண்டும் என்று அவர் போராடினார். தண்ணீரைக் காசுக்கு விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று, கவுன்சிலராகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், வில்லாபுரத்திலேயே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதே வருஷம் ஜூன் 30 அன்று, இதே மதுரை மாவட்டத்தின் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இடம். சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. அதில் உட்கார்ந்து வேலை செய்ய முயன்றவர்களுக்கு என்ன விலை என்பதை ஊர் முடிவு செய்தது.

இப்போது குறியீட்டின் கண்ணால் பாருங்கள். லீலாவதி இருந்தபோது அந்த வார்டின் பங்கு 1. மனைவி பெயரில் நின்று கணவரே கையெழுத்து முதற்கொண்டு பார்த்துக்கொள்ளும் வார்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் பங்கும் 1. 2016-இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களின் பங்கைப் பாதியாக்கச் சட்டம் செய்தது. 2022-இல் அதன்படி நகர்ப்புறத் தேர்தலும் நடந்தது. இந்த விஷயத்தில் பல ஐரோப்பிய நகரங்களைவிட நம் மாநகராட்சிகளின் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நாற்காலி இல்லாமல் லீலாவதியும் இல்லை. ஆனால் அந்த 1 என்ன செய்தது, அதற்கு என்ன ஆனது என்பது எண்ணுக்கு வெளியே இருக்கிறது.

இன்னொன்று. வில்னியஸ் கணக்கில் அதிகாரம் வேறு, நேரம் வேறு, இரண்டும் தனித்தனிக் களம். வில்லாபுரத்தில் அவை ஒன்றாகத்தான் இருந்தன. தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் பெண்கள். ஒரு குழாய் வந்தால் ஒரு தெருவின் பெண்களுக்கு எத்தனை மணி நேரம் திரும்பக் கிடைக்கும்! லீலாவதி தன் அதிகாரத்தை அடுத்த பெண்களின் நேரமாக மாற்றப் பார்த்தார். என்னைப் பொறுத்தவரை அதிகாரத்தை அளக்க அதுதான் சரியான கேள்வி: இந்த நாற்காலியால் யாருடைய நாள் லேசானது?

5

அளவீட்டில் எனக்கு மிகவும் யோசனை தந்த இடம் வன்முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் சுமார் 42,000 பெண்களிடம் பேசி 2014-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 15 வயதுக்குப் பிறகு உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் டென்மார்க்கில் 52 சதவீதம், பின்லாந்தில் 47, ஸ்வீடனில் 46. போலந்தில் 19. சமத்துவத்தில் முதலிடம் பிடிக்கும் நாடுகள்தான் இங்கேயும் மேலே இருந்தன. 2016-இல் என்ரிக் கிராசியா, ஹுவான் மெர்லோ என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு 'நார்டிக் முரண்' என்று பெயர் வைத்தார்கள். உண்மையிலேயே அங்கே அடி அதிகமா, அல்லது அடியை அடி என்று சொல்லும் தைரியம் அங்கே அதிகமா? விவாதம் முடியவில்லை.

இங்கே வாருங்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம், கேரளத்தில் 10 சதவீதம். தமிழ்நாட்டு ஆண்கள் நான்கு மடங்கு மோசமா? தமிழ்நாட்டுப் பெண்கள் வாய் திறப்பது அதிகமா? இரண்டும் கலந்ததா? அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

இந்த ஆய்வை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். அதனால் 'உங்கள் கணவர் கொடுமை செய்கிறாரா' என்று மொட்டையாகக் கேட்பதில்லை. அறைந்தாரா, தள்ளினாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்கிறார்கள். தனியாகப் பேச இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுகிறார்கள். மாமியாரும் கணவரும் நகராத வீடு கணக்கில் வராமலே போகும். கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதற்கே கொஞ்சம் சமத்துவம் தேவைப்படுகிறது. எதை அளக்கப் போகிறோமோ அது கொஞ்சமாவது முன்பே இருந்தால்தான் அளக்க முடிகிறது.

வில்னியஸ் நிறுவனம் வன்முறையைத் தன் மைய மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை, தனியாக வைத்திருக்கிறது. மற்ற களங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியை மூடுவது இலக்கு. வன்முறையில் இடைவெளியை மூடி என்ன செய்ய? அது இல்லாமல் போவதுதான் இலக்கு. தராசால் எடை போடக்கூடாதது ஒன்று உண்டு என்று தராசு செய்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

6

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். 'அம்மா செய்றதுக்கெல்லாம் கணக்கு பாப்பாங்களா? அது அன்பு. அதுக்கு விலை போட்டா அசிங்கம்.'

இதைச் சொல்பவர்கள் மொய் நோட்டை மறந்துவிடுகிறார்கள். மதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால் வாசலிலேயே மேசை போட்டு, பெயர், ஊர், தொகை எல்லாம் எழுதுவோம். அந்த நோட்டு இருபது வருஷம் பீரோவில் பத்திரமாக இருக்கும். எழுதிவைத்ததால் பாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. மொய் நோட்டில் இருப்பது விலை இல்லை, திருப்பிச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்ற ஒப்புதல். அன்பைக் கணக்கில் எழுத நமக்குத் தெரியும். அந்த நோட்டிலும் பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயர்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

வீட்டு உழைப்பைக் கணக்கில் எழுத வேண்டும் என்று கேட்பதும் இந்த ஒப்புதலைத்தான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. அதே வருஷம் செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 299 நிமிடக் கணக்கில் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. ஆனால் அதை உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது சின்ன விஷயமில்லை.

கூடவே நிபந்தனைகளும் வந்தன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடியிருக்கக்கூடாது. வசதி குறைந்தவருக்கு முதலில் கொடுப்பது நியாயம்தான். ஆனால் பெண்ணின் உழைப்புக்கான உரிமை என்று சொல்லிவிட்டு, அந்த உரிமையைக் கணவரின் சம்பளத்தையும் கரண்டு மீட்டரையும் வைத்து அளந்தால், கணக்கு மறுபடி குடும்பத் தலைவரின் பெயருக்குத்தான் போகிறது.

ஆகவே என் நிலைப்பாடு இது. அளக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அளக்காமல் விட்டதைப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வார்கள், அந்தப் பூஜ்யத்தால் லாபம் அடைபவர்கள் அதைத் திருத்த அவசரப்பட மாட்டார்கள். ஆனால் வந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. யாருடைய சுமை யாரிடம் போனது, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு என்ன நடந்தது, பதில் சொன்னவர் பயமில்லாமல் சொன்னாரா என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு எண்ணிடமும் கேட்க வேண்டும். அளக்கப்படுபவர் 'இது என் கணக்கு இல்லை' என்று மறுத்துப் பேச ஒரு வழி இருந்தால்தான் அது நல்ல அளவுகோல்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 2023 சட்டமும், புதிய கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகுதான் அமலாகும் என்ற ஏற்பாட்டோடு நிறைவேறியது. நாற்காலிகூட எண்ணுவதற்காகக் காத்திருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி, "கணக்கெடுக்க வந்தா சும்மாத்தேன் இருக்கேன்னு மட்டும் சொல்லிராதம்மா" என்றேன்.

"அப்ப என்னன்னு சொல்ல?" என்றார்.

"நேத்து விடிகாலைல இருந்து என்னென்ன செஞ்சியோ அதச் சொல்லு."

"அம்புட்டையும் எழுத அந்தப் பிள்ளைக்கு நேரம் இருக்குமாடி? அதுவும் வீட்டு வேலைய முடிச்சுட்டுத்தானே வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார்.